முன்கூட்டிச் சொன்ன சாட்சி

பிறர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்கியவன் நான். கண்டி மாநகரசபையில் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலை. அம்பிட்டியப் பக்கத்து மேடுகளில் மூச்சு வாங்க ஏறி, கேட்டைத் தட்டி, நாயைக் கட்டச் சொல்லி, செடிகளை விலக்கி, மீட்டர் மூடியைத் தூக்கிப் பார்த்து இலக்கத்தை எழுதிக்கொண்டு வரவேண்டும். இலக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வருகிற ஆளா நான்? கொடியில் யாருடைய சாரம் காய்கிறது, குசினியில் என்ன தாளிக்கிறார்கள், போன மாதம் சுவரில் இருந்த படம் இந்த மாதம் ஏன் இல்லை, எல்லாவற்றையும் பார்ப்பேன். பார்த்தது புரியாவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. என் மனைவி இதை வியாதி என்பாள். நான் தொழில் என்பேன்.

இப்படி ஊரார் வீட்டையெல்லாம் துருவிப் பார்த்த எனக்கு, என் சொந்த வீட்டில் நடந்த ஒரு விஷயம் விளங்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அணைக்கட்டு வேலை நடந்துகொண்டிருந்த காலம். பிறகு அணைத் தண்ணீரில் மூழ்கிய பழைய தெல்தெனிய நகரம் அப்போது தண்ணீருக்கு மேலேதான் இருந்தது. மனைவியின் அம்மா வீடு அங்கே. ஆகஸ்ட் விடுமுறைக்குப் பிள்ளைகள் இருவரையும் அங்கே அனுப்பியிருந்தோம். அந்த விடுமுறையில்தான் இது நடந்தது.

மனைவி டவுனில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சின்னத் தமிழ்க் கிறிஸ்தவ சபையில் முன்னால் நின்று பாட்டுத் தொடங்குகிறவளும் அவள்தான். ஐந்தரைக் கட்டைச் சுருதியில், நல்ல உயரத்தில் எடுப்பாள். பெண்கள் அவளோடு ஏறிவிடுவார்கள். ஆண்கள் இரண்டாவது வரியிலேயே கழன்றுகொள்வோம். புத்தகத்தைக் கையில் பிடித்து, மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக்கொண்டு நிற்போம். கலியாணமான நாளிலிருந்து நான் அப்படித்தான் நின்றேன். அதில் எனக்குக் குறையும் இல்லை. அந்தக் குரலைக் கேட்கத்தான் நான் சபைக்குப் போனேன் என்று சொன்னால் போதகர் வருத்தப்படுவார், ஆனால் உண்மை அதுதான்.

அந்தக் குரல் வருகிற கழுத்தில்தான் கட்டி வந்தது. முதலில் எலுமிச்சங்காய் அளவு. நான்தான் கண்டுபிடித்தேன், வேறு யார்? தண்ணீர் குடிக்கும்போது கழுத்தில் ஏதோ ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் தொட்டுப் பார்த்து, படம் எடுத்துப் பார்த்து, சிங்களத்தில் நிதானமாக விளக்கினார். கட்டியை எடுத்தே ஆகவேண்டும். விட்டால் மூச்சுக்குழாயை அமுக்கும். ஆனால் குரலுக்குப் போகிற நரம்பு கட்டியை ஒட்டியே ஓடுகிறது. பார்த்து எடுப்போம், இருந்தாலும் குரல் பழையபடி இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, சில பேருக்குக் குரலே எழும்பாமல் போவதும் உண்டு என்றார். மூன்று வாரம் கழித்து ஒரு தேதி எழுதித் துண்டுச்சீட்டுத் தந்தார்.

நான் அதைத் தமிழில் அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன்.

"வெளங்குச்சுங்க" என்றாள். துண்டை வாங்கி நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். பிறகு, போகிற வழியில் மார்க்கட்டுக்குப் போய்க் கருவாடு வாங்கவேண்டும் என்றாள்.

எனக்குத் தலைக்குள் அந்த நரம்புதான் ஓடிக்கொண்டிருந்தது. இவளுக்குக் கருவாடு. பயமே வராத ஒரு மனுஷியோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேனா, அல்லது பயம் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று அன்றைக்கே எனக்குள் கேள்வி புகுந்துவிட்டது. அன்றிலிருந்து அவளை ஒரு மீட்டரைப் பார்ப்பதுபோலப் பார்க்க ஆரம்பித்தேன்.

இந்த இடத்தில் எங்கள் சபையின் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். சபைச் செயலாளர் யாழ்ப்பாணத்துக்காரர். கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆர்மோனியம் வாசிப்பவரும் அவரே. அவரிடம் ஒரு கொப்பி உண்டு. இடப்பக்கம் விண்ணப்பம், வலப்பக்கம் ஸ்தோத்திரம். வியாதி, வழக்கு, இடமாற்றம், பரீட்சை என்று குறை உள்ளவர்கள் இடப்பக்கம் பெயர் கொடுக்கவேண்டும். அந்தப் பெயர்களுக்காகச் சபை ஜெபிக்கும், புதன்கிழமைகளில் பெண்கள் வீட்டுக்கு வந்தும் ஜெபிப்பார்கள். காரியம் நல்லபடி முடிந்தால் இடப்பக்கப் பெயரில் கோடு விழும். அதே பெயர் வலப்பக்கம் ஏறும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை வலப்பக்கத்துக்காரர்கள் எழுந்து நின்று சாட்சி சொல்லவேண்டும். கச்சேரி ஒழுங்கு என்றால் ஒழுங்கு. வலப்பக்கத்துக்கு நேரே குதித்தவர் அதுவரை யாரும் இல்லை.

என் மனைவி குதித்தாள்.

ஆராதனைக்கு முன்பு வாசலில் நின்று அவரிடம் பெயர் கொடுத்தபோது நானும் பக்கத்தில் நின்றேன்.

"பிள்ளை, காரியம் முடிஞ்ச பிறகுதான் வலப்பக்கம். உமக்கு இன்னும் சத்திரசிகிச்சையே நடக்கேல்லை" என்றார் செயலாளர்.

"தெரியுங்க ஐயா. வலப்பக்கமே போடுங்க."

"அது ஒழுங்கில்லை."

"போடுங்க ஐயா."

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து ஏதோ எழுதினார். வழக்கமாக அவர் பேனையால்தான் எழுதுவார்.

சாட்சி நேரம் வந்தது. அவள் எழுந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பேசுவதுபோலத் தெளிவாகப் பேசினாள். "என் கழுத்துல ஒரு கட்டி இருக்கு. அதுக்கு ஆபரேஷன் நடக்கப் போகுது. கர்த்தர் இவ்வளவு நாள் குடுத்த குரலுக்காகவும், இனி நடக்கப் போறதுக்காகவும் ஸ்தோத்திரம் சொல்றேன்." அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு பின்வரிசையில் ஒருவர் அல்லேலூயா என்றார். மளமளவென்று எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். இவளுடைய விசுவாசத்தைப் பாருங்கள், நடக்கும் முன்பே நன்றி சொல்கிறாள், இனி அந்தக் கட்டி நிற்குமா என்று முடிவுக்கே வந்துவிட்டார்கள். வெளியே வரும்போது நாலு பேர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், நான் என்னவோ பரீட்சையில் தேறிவிட்டதுபோல.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஏரிக்கரை நடைபாதையில் வீட்டுக்கு நடந்துவரும்போது வாய்விட்டுக் கேட்டேன்.

"நாளைக்கு ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா இவங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது? முடிஞ்ச பொறவு சொன்னா என்ன கொறஞ்சு போயிருவ?"

"சொல்லணும்னு இருந்துச்சு, சொன்னேன்."

"அதான் ஏன்னு கேக்குறேன்."

அவள் நின்றாள். கரையோரத்து ஆமை ஒன்றைக் காட்டி, "கழுத்தை எப்படி நீட்டுது பாருங்க" என்றாள். அதற்கு மேல் என்ன கேட்பது?

ஒழுங்கை மீறினால் என்ன ஆகும் என்று அந்த வாரமே தெரிந்தது. விண்ணப்பப் பக்கத்தில் அவள் பெயர் இல்லை. அதனால் புதன்கிழமைப் பெண்கள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. மறு புதனும் வரவில்லை. நன்றி சொல்லி முடிந்த காரியத்துக்கு மறுபடி விண்ணப்பம் செய்தால் அது அவிசுவாசம் என்று யாரோ சொன்னார்களாம். பிலிமத்தலாவையில் இருக்கும் என் அக்காவின் காதுக்கு இது போய்ச் சேர்ந்தபோது முழுதாக வேறு கதை ஆகியிருந்தது. சந்தோஷமாக பஸ் ஏறி வந்துவிட்டாள்.

"கட்டி கரைஞ்சு போச்சாமேடா, நெசமா?"

மனைவி கழுத்தைக் காட்டினாள். அக்கா தொட்டுப் பார்த்து, முகம் சுருங்கி, கொண்டுவந்த கொண்டைப்பணியாரத்தை மேசையில் வைத்துவிட்டு அழுதாள். மனைவிதான் அவளுக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துத் தேற்றினாள்.

இதில் ஒரு வேடிக்கையை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் ஜெபிக்கிற ஆள் இல்லை. சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணை மூடுவேன், அதுவும் அவள் பார்க்கிறாள் என்பதற்காக. ஆனால் மற்றவர்கள் அவளுக்காக ஜெபிக்கவில்லை என்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் இவள் ஜெபித்தாளே, இவள் ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும்போது ஒரு நாதி இல்லையா என்று உள்ளுக்குள் குமுறினேன். நாமே ஜெபிக்கலாமே என்று மட்டும் தோன்றவில்லை.

அவளிடம் பயத்தின் அறிகுறி ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சோறு குறையவில்லை. பிள்ளைகளுக்கு எழுதின கடிதத்தில் எழுத்து கோணவில்லை. உடுப்புத் தோய்க்கும் கல்லடியில் நின்று பாடினாள், மா சலிக்கும்போது பாடினாள், காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வெட்டும்போதும் பாடினாள். எப்போதுமே பாடுகிறவள்தான், ஆனால் இந்த அளவுக்கு இல்லை. அதுவும் என்ன பாட்டு? பெரஹெரா ஊர்வலத்துக்காக டவுன் முழுக்க யானையும் மேளமுமாகக் கிடக்கிறது, இவள் நட்டநடு ஆகஸ்டில் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடிக்கொண்டு கீரை ஆய்கிறாள். மறுநாள் பெரிய வெள்ளிப் பாட்டு. அதற்கு மறுநாள் கலியாணப் பாட்டு. ஒருநாள் வேலை முடிந்து படியேறி வரும்போது அடக்க ஆராதனையில் பாடுகிற பாட்டு கேட்டது. இரண்டு இரண்டு படியாகத் தாவி ஓடினேன். அவள் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாட்டு இது, இந்த நேரத்துல?"

"வாய் சும்மா இருக்க மாட்டேங்குதுங்க."

இப்படி ஒரு தைரியம் இருக்குமா என்று எனக்குப் பிரமிப்பு. கொஞ்சம் பொறாமையும்கூட. இவள் நம்புகிற தெய்வத்தைத்தான் நானும் கும்பிடுகிறேன், எனக்கு மட்டும் ஏன் இந்தப் பயம்? நம்பிக்கை வந்தால் பயம் போய்விடும் என்று போதகர் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். இவளுக்குப் போயிருக்கிறது, எனக்குப் போகவில்லை, அப்படியானால் எனக்கு நம்பிக்கை இல்லை என்று கணக்கு முடித்துக்கொண்டேன்.

குறித்த நாள் காலையில் வார்டில் நர்ஸ் மிஸ்ஸி வந்து நகை எல்லாம் கழற்றச் சொன்னாள். மனைவி தோட்டைக் கழற்றினாள். பிறகு சிலுவை கோத்த தாலிக்கொடியைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி என் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானையும் போட்டுவிட்டாள். தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டு, "ஃபிளாஸ்க்ல தேத்தண்ணி இருக்கு, குடிங்க. பசியோட நிக்காதீங்க" என்றாள். அந்தக் குரலில் அவள் என்னோடு பேசியது அதுதான் கடைசி. அது எனக்கு அப்போது தெரியாது.

தியேட்டர் வாசலில் ஒரு நீள வாங்கு. உட்கார்ந்தேன். தேத்தண்ணீர் இறங்கவில்லை. கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் அவளுடைய பையைத் திறந்து பார்த்தேன். சீப்பு, துவாய், பாட்டுப் புத்தகம். ஆபரேஷனுக்கு வருகிறவளுக்குப் பாட்டுப் புத்தகம் எதற்கு? புரட்டினேன். பாட்டு இலக்கங்களுக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் சரி போட்டிருந்தது, பிள்ளைகளின் கொப்பி திருத்துவதுபோல. எங்கள் சபையில் பாடுகிற ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு சரி. தெரியாத பாட்டுகளுக்கு ஒன்றும் இல்லை. பக்கம் பக்கமாகப் போய்ப் பார்த்தேன். தெரிந்த பாட்டுகளில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் சரி இல்லை. ஆராதனை முடியும்போது பாடுகிற பாட்டு அது. வாரம் தவறாமல் பாடுவோம். அதைப் பாடும்போது பாதிப் பேர் குடையைத் தேடுவார்கள், மீதிப் பேர் காலால் செருப்பைத் துழாவுவார்கள். அந்தப் பாட்டை மட்டும் ஏன் விட்டாள்?

யோசித்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. புத்தகத்தை மூடினதும் பயம் மறுபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. விண்ணப்பப் பக்கத்தில் அவள் பெயர் இல்லை என்பது அப்போதுதான் முழுக்க உறைத்தது. அந்த நேரத்தில் உலகத்தில் அவளுக்காகக் கேட்பதற்கு நான் ஒருவன்தான் இருக்கிறேன் என்று நினைத்தேன்.

ஆகவே கண்ணை மூடினேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. ஒவ்வொரு கேட்டிலும் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தைதான் முதலில் வாயில் வந்தது. மீட்டர் பாக்க வந்திருக்கேன். சொன்ன பிறகு வெட்கமாகப் போய்விட்டது. சொன்னது சொன்னதுதான் என்று மேலே போனேன். சபையில் ஆண்டவரை 'நீர்' என்பார்கள், எனக்கு 'நீங்க' என்றுதான் வந்தது. என் பொண்டாட்டி உள்ள இருக்கா. அவ பேரு கொப்பியில தப்பான பக்கத்துல இருக்கு. அதைப் பெருசா எடுத்துக்காதீங்க. அவளைத் திருப்பிக் குடுங்க, குரலையும் விட்டுவையுங்க. ஆமென் சொல்லிவிட்டு, பயம் போய்விட்டதா என்று உடனே உள்ளே எட்டிப் பார்த்தேன். போகவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் அதோடு தனியாக உட்கார்ந்திருக்கிற மாதிரி இல்லை.

கண்ணைத் திறந்தால் செயலாளர் முன்னால் நிற்கிறார். கக்கத்தில் குடை, அதே கொப்பி.

"இரும், இரும். எழும்ப வேண்டாம்" என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தொண்டையைச் செருமினார். பிறகு கொப்பியைத் திறந்து என் மடியில் வைத்தார். வலப்பக்கம் பென்சிலில் என் மனைவியின் பெயர். இடப்பக்கமும் பென்சிலில் அதே பெயர்.

"ரெண்டு பக்கமும் கிடக்கு, தம்பி. ஒவ்வொரு நாளும் காலமை நானும் மனுசியும் சொல்லிக்கொண்டுதான் வாறம். ஆருக்கும் சொல்லிப்போடாதையும், பிறகு எல்லாரும் ரெண்டு பக்கமும் கேப்பினம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்காததுபோல ஃபிளாஸ்க் மூடியைத் திருகித் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார். குடித்தேன்.

மத்தியானம் டாக்டர் வெளியே வந்தார். கட்டியை எடுத்தாயிற்று, பார்வைக்குக் கெட்ட சாதியாகத் தெரியவில்லை என்றார். ஆனால் நரம்பு கட்டியோடு நன்றாக ஒட்டிப்போயிருந்ததாம், உரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்ததாம். ஆறு வாரம் பேசக்கூடாது, குசுகுசுக்கவும் கூடாது, அதற்குப் பிறகு என்ன வருகிறதோ அதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்த பிறகு பேச்சுக்குப் பதில் சிலேட்டு. சின்ன மகளுடைய சிலேட்டுத்தான். மனைவி கழுத்தில் கட்டோடு கதிரையில் சாய்ந்துகொண்டு எழுதிக் காட்டுவாள். பேசும்போது எங்கள் பேச்சு பேசுகிறவள், எழுதும்போது டீச்சர் ஆகிவிடுவாள். "உப்புக் குறைவு" என்று எழுதி அடிக்கோடு போடுவாள். நான் சமைத்த பருப்புக்குக் கிடைத்த சாட்சி அது.

ஒரு வாரம் பொறுத்தேன். அதற்கு மேல் என் வியாதி விடவில்லை. பிள்ளைகள் தெல்தெனியவிலிருந்து இன்னும் வரவில்லை, வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பின்நேர வெயில் சீமெந்துத் தரையில் விழுந்திருந்தது. ஒரு வாங்கை இழுத்துப் போட்டு அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

"இப்ப சொல்லு. அன்னைக்கு ஏன் வலது பக்கம் பேர் குடுத்த?"

அவள் என்னைப் பார்த்தாள். இந்த மனுஷன் விடமாட்டான் என்று தெரிந்திருக்கும். சிலேட்டை எடுத்து எழுதினாள். "பிறகு குரல் இல்லாமல் போகலாம். இருக்கும்போதே சொல்லிவிட்டேன்."

நான் அதை இரண்டு தடவை படித்தேன்.

"அப்ப, சுகமாயிரும்னு நம்பி இல்லையா?"

அழித்துவிட்டு எழுதினாள். "எப்படி முடிந்தாலும் நன்றி சொல்ல வேண்டியிருக்கும் என்று நம்பினேன்."

"பயம்?"

"மிகவும்" என்று எழுதினாள். அடியில் ஒரு கோடு போட்டாள். கொஞ்சம் யோசித்து இன்னொரு கோடும் போட்டாள்.

மூன்று வாரம் இந்தப் பெண்ணைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்திருக்கிறேன். சோற்றைப் பார்த்தேன், கையெழுத்தைப் பார்த்தேன், பயம் இல்லை என்று எழுதி வைத்துக்கொண்டேன். சபையில் எழுந்து அவள் சொன்ன மூன்று வாக்கியத்தில் 'இவ்வளவு நாள் குடுத்த குரல்' என்று தெளிவாகத்தான் சொன்னாள். நூறு பேர் கேட்டோம். குரலுக்கு விடை கொடுக்கிறாள் என்று ஒருவருக்குக்கூட உறைக்கவில்லை, பக்கத்தில் இருந்த எனக்கும் உறைக்கவில்லை.

"அந்தப் பாட்டெல்லாம்? கிறிஸ்மஸ் பாட்டு, சாவுப் பாட்டு?"

இந்தத் தடவை மெதுவாக எழுதினாள். "எல்லாவற்றையும் கடைசியாக ஒருமுறை பாடிவிட வேண்டும் என்று."

நான் எழுந்து வெளியே போனேன். உடுப்புத் தோய்க்கும் கல்லடியில் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவினேன். கழுவிக்கொண்டே இருந்தேன். அந்தக் கல்லடியில் நின்று அவள் பாடியபோதெல்லாம் என்ன தைரியம் என்று மெச்சிக்கொண்டு நான் பேப்பர் படித்திருக்கிறேன். ஒரு பாட்டையாவது பக்கத்தில் வந்து நின்று கேட்டேனா? அந்த வருத்தம் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது. வீணாக ஓடுகிற தண்ணீரைப் பார்த்தால் சண்டைக்குப் போகிற நான், அன்றைக்குக் குழாயை மூட மறந்துவிட்டேன்.

திரும்பி வந்து பாட்டுப் புத்தகத்தை எடுத்து, சரி போடாத அந்தப் பக்கத்தைத் திறந்து அவள் முன்னால் நீட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. விரலால் இலக்கத்தைத் தொட்டுக் காட்டினேன்.

அவள் சிரித்தாள். களவு பிடிபட்ட சிரிப்பு. சிலேட்டில் எழுதினாள். "அது திரும்பி வந்து பாட."

கட்டியைக் கரைக்கச் சொல்லி அவள் யாரிடமும் கேட்கவில்லை. பயத்தை ஒளிக்கவும் இல்லை, சரி போட்ட ஒவ்வொரு பாட்டிலும் அது இருந்தது. ஒரே ஒரு பாட்டை மட்டும் அதன் கையில் கொடுக்காமல் வைத்திருந்தாள். நம்பிக்கை வந்தால் பயம் போய்விடும் என்று நான் போட்ட கணக்கு தப்பு என்று அன்றைக்குத் தெரிந்தது. இரண்டும் ஒரே புத்தகத்துக்குள் இருக்க முடியும். அன்றிலிருந்து தினமும் வீட்டில் அந்த வாங்கில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். மீட்டர் பாக்க வந்திருக்கேன் என்றே தொடங்கினேன். வேறு தொடக்கம் எனக்கு இன்றுவரை பழகவில்லை.

ஆறு வாரம் முடிந்தது. டாக்டர் அவளிடம் பெயரைச் சொல்லச் சொன்னார். சொன்னாள். கரகரவென்று, அடியிலிருந்து, வேறு யாரோ ஒரு பெண்ணின் குரல் வந்தது. டாக்டருக்குத் திருப்தி. குரல் எழும்பியதே பெரிது, நாள் போகப் போக இன்னும் கொஞ்சம் தெளியும், மேல் சுரம் வரும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம் என்றார். பஸ்ஸில் வரும்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அம்பிட்டியச் சந்தியில் இறங்கும்போது அந்தப் புதுக் குரலில், "பாண் இருக்கா வீட்டுல?" என்று கேட்டாள். இருக்கு என்றேன்.

அடுத்த ஞாயிறு சபைக்குப் போனோம். வாசலில் செயலாளர் கொப்பியோடு நின்றார்.

"இப்ப எந்தப் பக்கம், பிள்ளை?"

"ரெண்டும் வேணாங்க ஐயா. நான் அப்பவே சொல்லிட்டேன்."

அவர் தலையை ஆட்டி, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு உள்ளே போனார். அவள் முன்னால் போகவில்லை. என் பக்கத்தில், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். சபை அவளையே பார்த்தது. கட்டி போய்விட்டது என்று சந்தோஷப்படுவதா, குரல் போய்விட்டது என்று துக்கப்படுவதா என்று யாருக்கும் தெரியவில்லை. பாட்டுகளை வேறு யாரோ தொடங்கினார்கள். அவள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாயை மூடியே நின்றாள். பிரசங்கம் முடிந்தது. ஆசீர்வாதம் முடிந்தது. முடிவுப் பாட்டுக்கு ஆர்மோனியம் தொடங்கியது, வழக்கமான ஐந்தரைக் கட்டையில்.

அவள் எழுந்து வாயைத் திறந்தாள். முதல் சொல் வந்தது, இரண்டாவது சொல் மேலே ஏறப் பார்த்து உடைந்தது. நிறுத்திவிட்டாள். மறுபடி எடுத்தாள், மறுபடி உடைந்தது. சபை முழுக்கப் பாடாமல் நின்றது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடலாமா என்றிருந்தது. ஆனால் அவள் உட்காரவில்லை.

ஆர்மோனியம் நின்றது. ஒருநாளும் எதையும் மாற்றாத செயலாளர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, விரல்களை இடப்பக்கமாக நகர்த்தி, மூன்று கட்டையில் வைத்து அமுக்கினார். அதே மெட்டு, கீழே, நடந்து போகிற உயரத்தில் வந்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். கரகரப்பு இருந்தது, உடையவில்லை.

இரண்டு மூன்று ஆண் குரல்கள் சேர்ந்தன, பிறகு இன்னும் சில. அந்தக் கட்டை எங்களுக்கு எட்டியது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக எட்டியது. என் வாயிலிருந்தும் சத்தம் வந்தது. அது என் குரல்தான் என்று எனக்கே கொஞ்சம் சந்தேகமாக இருந்தது. முதல் வரியை முழுதாகப் பாடி முடித்தேன். இரண்டாவது வரி என்னவென்று தெரியவில்லை. வாரா வாரம் மீன்போல வாயசைத்தவனுக்கு எப்படித் தெரியும்? அவள் பாட்டை நிறுத்தாமலே, புத்தகத்தை என் பக்கம் சாய்த்து, விரலால் வரியைத் தொட்டுக் காட்டினாள்.